டாக்குமென்டா அனுப்புங்க

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் சி பிளாக், இரண்டாவது மாடி வீட்டில் இருந்தவர்கள்:

ஜெயலட்சுமி. வீட்டின் சொந்தக்காரர். வயது அறுபத்து மூன்று. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ப்ரீதா. அந்த வீட்டின் உள்ளறையில் வாடகைக்கு இருப்பவர். வயது முப்பத்திரண்டு. ஊர் கோயம்புத்தூர். பொடி அரைத்து ஆன்லைனில் விற்கிறார்.

அச்சுதன், அதாவது நான். பி பிளாக்கில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். இஞ்சினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டவன். நொய்டா கால் சென்டரில் ராத்திரி ஷிஃப்ட். ப்ரீதாவின் வெப்சைட்டைச் செய்தவன்.

பதினொரு மணிக்கு இந்தப் பட்டியல் வேறு.

ப்ரீதாக்கா டெல்லியில் இருப்பது அவர் புருஷனுக்குத் தெரியக்கூடாது. விஷயம் இவ்வளவுதான். அவன் பெயர் ஜகந்நாதன். கோயம்புத்தூரில் காமிரா கடை. கல்யாணத்தைப் படம் எடுக்கிற காமிரா இல்லை, கடையிலும் மில்லிலும் மாட்டுகிற கண்காணிப்புக் காமிரா. சொந்த வீட்டிலும் மாட்டியிருந்தான். சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. கடையில் உட்கார்ந்தபடி ஃபோன் செய்து, "எதுக்கு ரெண்டாவது வாட்டி காப்பி போடறே?" என்று கேட்பானாம்.

அக்காவுக்கு இடது காது கேட்காது. அவன் அடித்ததில் போனது. யாராவது இடது பக்கம் நின்று பேசினால் மொத்த உடம்பையும் திருப்பித்தான் கேட்பார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பையோடு ரயில் ஏறி இங்கே வந்தார். அவன் சொன்னதை ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். "நீ எங்க வேணாலும் போ. வந்து அந்த வலது காதையும் வாங்கிட்டுத்தான் போவேன்."

அதனால் வெப்சைட்டில் அவர் பெயர் கிடையாது. முகம் கிடையாது. ஃபோன் நம்பர் என்னுடையது. கூரியர் உறையில் அனுப்புநர் என்று இருப்பது நொய்டாவில் என் சிநேகிதன் ஆரிப்பின் செல்ஃபோன் கடை. எல்லாம் என் ஏற்பாடு. என்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வெப்சைட் நத்தை மாதிரி இருந்தது. ஒரே பக்கத்தில் அறுபது படம். ஃபோனில் திறக்கப் பன்னிரண்டு விநாடி. பொடி வாங்க வருகிறவர்கள் மூன்று விநாடிக்கு மேல் நிற்க மாட்டார்கள். போதாததற்குப் படங்களும் மங்கல். அக்கா அவற்றை வாட்ஸாப்பில் அனுப்புவார். வாட்ஸாப் எந்தப் படத்தையும் பிழிந்து சக்கையாக்கித்தான் அடுத்தவனிடம் கொடுக்கும்.

ஏப்ரலில் எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தேன். இதுவரை இருந்தது ஜேபெக், பழைய வகைப் படக்கோப்பு. இப்போது வெப்பி என்று ஒன்று இருக்கிறது. அதே படம், எடை பாதிக்கும் கீழே, தொட்டால் வந்து நிற்கும். ஆனால் நல்ல படத்தைக் கொடுத்தால்தான் நல்லதாக வரும். சக்கையை மறுபடி பிழிந்து பிரயோஜனம் இல்லை. அதனால் அக்காவிடம் சொன்னேன். "ஃபோட்டோவா அனுப்பாதீங்கக்கா. டாக்குமென்டா அனுப்புங்க."

டாக்குமென்டாக அனுப்பினால் வாட்ஸாப் கை வைக்காது. ஃபோன் எடுத்தது எடுத்தபடியே வரும். எடுத்தபடி என்றால் அதற்குள் என்னவெல்லாம் சேர்ந்து வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தவன்தான் கோட்டை விட்டேன்.

மாற்றி முடித்ததும் அக்கா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னுங்க தம்பி இது? எம்பட மொளகாப் பொடி செங்கல் பொடியாட்ட இருக்குது?"

உண்மைதான். நிறம் செத்துப் போயிருந்தது. ஃபோன் படம் எடுக்கும்போது கோப்புக்குள் சில குறிப்புகளையும் எழுதி வைக்கும். இந்தச் சிவப்பை எந்தச் சிவப்பாகக் காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. வெப்பியாக மாற்றுகிற புரோகிராம் குறிப்புகளை எல்லாம் தானாகவே தூக்கிப் போட்டுவிடும். போடாதே, வைத்துக்கொள் என்று சொல்ல ஒரு சொல் சேர்க்க வேண்டும். நிறக் குறிப்பு மட்டும் போதும் என்றால் 'ஐசிசி'. எல்லாமே வேண்டும் என்றால் 'ஆல்'. இங்கிலீஷில் இரண்டும் மூன்றே எழுத்து. நான் 'ஆல்' போட்டேன். மிளகாய்ப் பொடி சிவந்தது. அக்காவுக்குச் சந்தோஷம்.

அன்றைக்கே அவர் கேட்டார். "இதுல எடம் கிடம் ஒண்ணும் தெரியாதுங்களே தம்பி?"

"ஒண்ணும் தெரியாதுக்கா. அட்ரஸே போடலையே."

பக்கத்தின் அடியில் இருக்கும் முகவரியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். யோசித்துச் சொல்லவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

இனி வெள்ளிக்கிழமை. ஷிஃப்ட் முடிந்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஃபோனைக்கூடப் பார்க்காமல் தூங்கிவிட்டேன். பத்தேகாலுக்கு அம்மா மிக்ஸி போட்டதில் விழித்தேன். ஆர்டர் ஒன்று காத்திருந்தது. ஆறு பத்துக்கு வந்தது. நான்கு மணி நேரமாக யாரும் பார்க்காமல் கிடந்திருக்கிறது.

கொள்ளுப் பொடி, கால் கிலோ, ஒன்று. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜே' என்று ஒற்றை எழுத்து. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எண்கள். ஒவ்வொன்றிலும் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம். அதற்குக் கீழே குறிப்பு:

'கூரியர் வேண்டாங்க. டெல்லிக்கு வந்துட்டேன். பதினொரு மணி வாக்குல நேர்ல வாங்கிக்கறேன். ப்ரீதாகிட்டச் சொல்லிடுங்க.'

ப்ரீதா. வெப்சைட்டில் எங்குமே இல்லாத பெயர்.

இரண்டு எண்களையும் மேப்பில் போட்டேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை சிவப்புக் குறி வந்து உட்கார்ந்த இடம் எங்கள் சொசைட்டி. சி பிளாக். அதுவும் பின்பக்க மூலை. அந்த மூலையில்தான் ஜெயலட்சுமி ஆன்ட்டி வீட்டுச் சமையலறை பால்கனி. காலை வெளிச்சத்தில் பால்கனிக் கட்டையில், தன் கையால் லேபிள் எழுதி ஒட்டிய பாட்டில்களை வரிசையாக வைத்துத்தான் அக்கா படம் எடுப்பார்.

லேப்டாப்பைத் திறந்து, நான் மாற்றிய படம் ஒன்றின் உள்குறிப்பைப் பார்த்தேன். தேதி, மணி, ஃபோன் மாடல், கடைசியில் அதே இரண்டு எண்கள். கடைசி இலக்கம்வரை அதே. ஒரு படத்தில் மட்டும் இல்லை, அறுபதிலும் இருந்தது. நான்தான் எழுதி உலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

'ஆல்' இருந்த இடத்தில் 'ஐசிசி' என்று மாற்றி, அறுபது படங்களையும் திரும்ப ஓட்டினேன். ஒன்பது விநாடி ஆனது. ஏற்றினேன். அதனால் ஒரு உபயோகமும் இல்லை. அவன் இறக்கி வைத்திருப்பதை நான் அழிக்க முடியாது. ஆனாலும் செய்தேன். கை எதையாவது செய்ய வேண்டியிருந்தது.

பி பிளாக்கிலிருந்து சி பிளாக்குக்கு நடுவில் பார்க்கைத் தாண்ட வேண்டும். ஓடினால் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் பார்த்த ஆண்கள் எல்லாரும் அவனாக இருந்தார்கள். பெஞ்சில் பேப்பர் படித்தவர், கார் துடைத்தவர், மரத்தடியில் ஃபோனோடு நின்ற கண்ணாடிக்காரர். அவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் அவன் படம் ஒன்றுகூட இல்லை. கேட்டுக்கு ஓடிப் போய் கார்டிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஆன்ட்டிதான் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா அச்சு, பேய் மாதிரி நிக்கறே? தூங்கலையா?"

"அக்கா எங்க?"

அக்கா சமையலறையில் கொள்ளு வறுத்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க அந்த வாசனை. நான் வலது பக்கமாகப் போய் நின்றேன். ஃபோனை நீட்டினேன். அவர் படித்தார். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பை அணைத்தார். கரண்டியைச் சட்டியின் மேல் குறுக்கே வைத்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆருங்க சொன்னாங்க அவருக்கு?"

"நான்தான்க்கா."

"என்ன?"

"படத்துல இருந்துச்சு. எடுத்த இடம் படத்துக்குள்ளயே பதிவாகும். வாட்ஸாப்புல ஃபோட்டோவா அனுப்பிட்டிருந்தவரைக்கும் அது அழிஞ்சு போயிட்டிருந்துச்சு. டாக்குமென்டா அனுப்பச் சொன்னேன் பாருங்க, அப்புறம் அழியல. நானும் அழிக்கல. நிறம் வரணும்னு எல்லாத்தையும் வச்சுட்டேன்."

"நான் கேட்டனே தம்பி."

"ஆமா."

"தெரியாதுன்னீங்க."

"ஆமா."

திட்டியிருந்தால் தேவலை.

ஆன்ட்டி என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஆபீஸ் ஃபைல் படிப்பதுபோல் படித்தார். "பதினொண்ணுன்னு போட்டிருக்கான். எவனாவது முன்கூட்டியே டைம் சொல்லிட்டு வருவானா? சும்மா மிரட்டறான்."

"இல்லீங் ஆன்ட்டி." அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவரு சொல்லிட்டுத்தான் அடிப்பாரு. ஆறு மணிக்கு வாரேன், வந்து வச்சுக்கறேம்பாரு. ஆறு மணிவரைக்கும் நான் உக்காந்திருக்கோணும். அதுதான் அவருக்கு."

மணி பத்து முப்பத்தெட்டு.

ஆன்ட்டி போலீஸ் நம்பர் நூற்றுப் பன்னிரண்டுக்கு ஃபோன் போட்டு, சுத்தமான இந்தியில், பிளாக், மாடி, கதவு எண், ஆள் பெயர் எல்லாம் வரிசையாகச் சொன்னார். வண்டி வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த நம்பர்ல மாடி தெரியுமா?"

"தெரியாது. பில்டிங்தான் தெரியும். எந்த வீடுன்னு யாரையாவது கேக்கணும்."

"சி பிளாக்குல முப்பத்திரண்டு வீடு. நம்ம கார்டு வாயைத் திறக்காம இருந்தா..."

முடிக்கவில்லை. சுவரில் இருந்த இன்டர்காம் அடித்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். நான்கு தடவை அடித்த பிறகுதான் ஆன்ட்டி எடுத்தார். கார்டின் குரல் வெளியே எனக்கே கேட்டது.

"மேடம்ஜி, கூரியர்வாலா ஆயா தா. மசாலாவாலி மேடம் கா பார்சல் லேனே. ஊபர் பேஜ் தியா."

மசாலாக்கார மேடத்தின் பார்சல் எடுக்க கூரியர் ஆள் வந்தான், மேலே அனுப்பிவிட்டேன் என்கிறான்.

"கப் பேஜா?" எப்போது அனுப்பினாய் என்று ஆன்ட்டி கத்தினார்.

"அபி, மேடம்ஜி. ஏ பிளாக் கீ தரஃப் சலா கயா, மைனே ஆவாஸ் தீ, அப் ஸீ கீ தரஃப் ஜா ரஹா ஹை."

வழி தப்பி ஏ பிளாக் பக்கம் போனவனைக் கார்டே கூப்பிட்டு, இந்தப் பக்கம் என்று கை காட்டியிருக்கிறான். ஆன்ட்டி ரிசீவரை வைத்தார். "கூரியர்னா என்னைக் கேக்காம அனுப்புன்னு சொல்லி வச்சதே நான்தாண்டா" என்றார். குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு எல்லாம் அவர்தான். அக்காவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். "எழுந்திரு. ஜல்தி. அவன் லிஃப்ட்ல வருவான், நாம படியில இறங்கறோம். துவாரகாவுல என் தங்கை அம்புஜம் இருக்கா. கார்ல ஏறிட்டா முக்கால் மணி நேரம்."

"துணி..."

"துணியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். ஃபோனை ஆஃப் பண்ணு."

அக்காவால் முடியவில்லை. நான் வாங்கி அணைத்துக் கொடுத்தேன்.

ஆன்ட்டி அக்காவின் அறைக்குள் ஓடி, அதை ஒட்டிய பாத்ரூமில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். பக்கெட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம் ஹால்வரை கேட்டது.

"குளிக்கறான்னு சொல்லு. பத்து நிமிஷம் பிடிச்சு வை."

"நானா? எப்படி ஆன்ட்டி?"

"எப்பேர்ப்பட்ட கஸ்டமரையும் முக்கால் மணி நேரம் லைன்ல நிறுத்தி வைப்பேன்னு பீத்திப்பியே. நிறுத்து."

வாசல் கதவைத் திறந்தோம். கீழேயிருந்து லிஃப்ட் கிளம்புகிற இரைச்சல். இரண்டு பேரும் செருப்புகூடப் போடாமல் படியில் இறங்கினார்கள். அக்கா ஒரு தடவை திரும்பினார். என்னைப் பார்க்க இல்லை. லிஃப்ட் எண்ணைப் பார்க்க. நான் கதவைச் சாத்தி உள்ளே நின்றேன்.

மணி அடித்தது. ஒரே ஒரு தடவை, சின்னதாக, நாகரிகமாக.

நான் நினைத்து வைத்திருந்த ஆள் இல்லை. உயரம் என் தோள்வரைதான். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, நெற்றியில் கீற்றாக விபூதி, முதுகில் பை. கண்ணாடிக்குள் சிரிக்கிற கண்.

"வணக்கமுங்க தம்பி. கொள்ளுப் பொடி ஒண்ணு சொல்லியிருந்தேனுங்க."

தமிழ்நாட்டில் ஒரு கடை வாசலில் நின்று கேட்பதுபோல் கேட்டான். "உள்ள வாங்க" என்றேன். அதைச் சொன்ன குரல் என்னுடையது மாதிரி இல்லை.

செருப்பைக் கழற்றினான். ஏற்கெனவே அங்கே கிடந்த செருப்புகளைப் பார்த்தான். ஒரு ஜோடியைக் கால் விரலால் நேராக்கி, தன் செருப்பை அதன் பக்கத்தில் வைத்தான். அது அக்காவுடையது. பிறகு ஹாலில் உட்கார்ந்து, தலையைத் தூக்கி நான்கு மூலையையும் பார்த்தான்.

"காமிரா ஒண்ணும் போடலீங்களா?"

"இல்ல."

"போடோணுமுங்க. காலம் கெட்டுக் கெடக்குது." சிரித்தான். "வெப்சைட்டு நீங்க பண்ணுனதுங்களா?"

"ஆமா."

"அருமைங்க. தொட்டதும் தொறக்குது. எங்க தங்கச்சி ஏதோ பொடி தேடியிருக்கறா, மொதப் பக்கத்துலயே வந்து நின்னுருக்குது. அண்ணா, இந்த லேபிள் எழுத்தப் பாருன்னா. பெருசு பண்ணிப் பாத்தேன். உடையாம என்னமா நிக்குதுங்க படம்! ஆறு வருசம் மளிகை லிஸ்ட் எழுதிக் குடுத்த கையி, எனக்குத் தெரியாதுங்களா? அப்பறம் படத்த எறக்கித் தொறந்தா..." கையை விரித்தான். "நீங்களே வழி எழுதி வச்சிருக்கறீங்க. எங்க தொழில்ல இதுக்கு எத்தனை அலையோணும் தெரியுங்களா? ரொம்ப நன்றிங்க தம்பி."

மனதார நன்றி சொன்னான்.

நான் பேச ஆரம்பித்தேன். வேலையில் பேசுகிற மாதிரியே. எந்த ரயிலில் வந்தீர்கள், வெயில் எப்படி, காபி சாப்பிடுகிறீர்களா, கால் கிலோவா அரைக் கிலோவா, அரைக் கிலோ என்றால் புதிதாக அரைத்துத் தருவார்கள். என் காது மட்டும் பால்கனிப் பக்கமே இருந்தது. கீழே பார்க்கிங். ஆன்ட்டியின் காருக்குப் பின்னால் தினமும் எவனாவது வண்டியை நிறுத்திவிட்டுப் போவான். அதைத் தள்ளாமல் கார் வெளியே வராது. வண்டி கிளம்பும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். சொல்லிக்கொண்டே எழுந்து, தன் வீட்டில் நடப்பதுபோல் சமையலறைக்குள் போனான். நான் பின்னாலேயே போனேன். சட்டியைப் பார்த்தான். கரண்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். உள்ளங்கையைச் சட்டியின் விளிம்பில் வைத்து அழுத்தினான். சுட்டிருக்கும். கையை எடுக்கவில்லை.

"பாதிதான் வறுபட்டிருக்குது" என்றான். "பாதியில அடுப்ப அமத்த மாட்டாளே அவ."

சமையலறையிலிருந்து பால்கனிக்கு நான்கு அடி. பால்கனிக் கதவு திறந்திருந்தது. கீழேயிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக, விடாமல். பின்னால் வண்டி நிறுத்தியவனைக் கூப்பிடும் ஹாரன். அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு அடி வைத்தான். இன்னும் மூன்று அடி வைத்து எட்டிப் பார்த்தால் போதும். நேர் கீழே ஆன்ட்டியின் வெள்ளை வேகன்ஆர். இரண்டு மாடி என்பது அவனுக்கு எத்தனை விநாடி?

"அவங்க உள்ள இருக்காங்க" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது.

அவன் நின்றான்.

"குளிச்சிட்டிருக்காங்க. நீங்க வர்றது தெரியாது. நான் இன்னும் சொல்லல."

என் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம். பொய் சொல்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று தினமும் காமிராத் திரையில் பார்த்துப் பழகியவன். நான் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பயம் நிஜம். அதைத்தான் அவன் பார்த்தான், அதை நம்பினான் என்று நினைக்கிறேன். காட்டிக்கொடுக்கிறவனும் இப்படித்தானே வியர்ப்பான்.

"எந்த ரூமு?"

கை காட்டினேன். தண்ணீர் கொட்டும் சத்தம் இப்போது அவன் காதில் விழுந்தது. முகம் மலர்ந்தது.

"நான் கூப்பிடறேன்" என்றேன்.

"வேண்டாங்க. நீங்க ஒதுங்கி நில்லுங்க. சத்தமாக் கூப்பிடோணும். ஒரு காதுதானுங்களே."

முதுகுப் பையை இறக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தான். உள்ளே ஏதோ இரும்பு மேசையில் இடித்தது. ஜிப்பைத் திறந்தான். எதையோ எடுத்து வலது கையில் பிடித்தான். சிறிய சுத்தியல். சுவரில் காமிரா மாட்ட ஆணி அடிக்கிற சுத்தியல்.

கீழே ஹாரன் நின்றது. யாரோ இந்தியில் சண்டை போட்டார்கள். பையா, கார் ஹடாவ், கார் ஹடாவ். காரை எடுக்கச் சொல்லிக் கத்துவது ஆன்ட்டியின் குரல். இன்னும் கிளம்பவில்லை.

அவன் ஹாலைத் தாண்டி அறை வாசலுக்குப் போனான். செருப்பில்லாத கால், சத்தமே இல்லை. நான் இரண்டு அடி பின்னால். வாசலில் ஒரு விநாடி நின்று அறையைப் பார்த்தான். மடித்து வைத்த போர்வை, பொடி டப்பாக்கள் அடுக்கிய அலமாரி, லேபிள் தாள், மைப்பேனா. ஜன்னலில் இரும்புக் கம்பி.

"ப்ரீதா" என்றான். குரல் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பிரியமாக இருந்தது. "ப்ரீதா கண்ணு. நான்தான் வந்திருக்கறேன்."

தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே போனான். ஒரு அடி, இரண்டு அடி, கட்டிலைச் சுற்றி பாத்ரூம் கதவுவரை. இடது கையைக் கைப்பிடியில் வைத்தான். சுத்தியல் வைத்திருந்த கை பின்னுக்குப் போனது.

அப்போதுதான் நான் அந்த அறைக் கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். வாடகை அறை. அக்கா வெளியே போகும்போது பூட்டிக்கொண்டு போவார். கொண்டியில் பூட்டு திறந்தபடி தொங்கியது.

பாத்ரூம் கதவு திறக்கிற சத்தமும் நான் அறைக் கதவை இழுத்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கொண்டி துருப்பிடித்தது, முதல் தடவை வளையத்தில் ஏறவில்லை. உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. அவன் அணைத்திருக்கிறான். வீடே அமைதியானது. கீழே ஆன்ட்டியின் கார் கியர் மாறி நகர்வது கேட்டது.

"தம்பி?" என்றான் உள்ளிருந்து. சிரித்துக்கொண்டேதான்.

ஒரு கையால் கதவை இறுக்கி இழுத்துப் பிடித்தேன். அந்தப் பக்கம் அவன் கைப்பிடியைத் திருப்பினான். கொண்டி வளையத்தில் ஏறியது. வழுக்கும் கையால் பூட்டை மாட்டி, க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்தினேன்.